பழைய டிவியில் ஃபிளமெங்கோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபிளமெங்கோ என்பது தெற்கு ஸ்பெயினின் பாட்டும் கிட்டாரும் ஆட்டமும் சேர்ந்த கலை. யூடியூபில் அதன் பாடகர் கமரோனின் ஒரு கறுப்பு வெள்ளைக் காட்சியோ கிட்டார்க்காரர் பாகோ தே லூசியாவின் பழைய டிவி நிகழ்ச்சியோ கண்ணில் பட்டு, இது எங்கிருந்து வந்தது, இதுபோல இன்னும் இருக்கிறதா என்று தேட ஆரம்பிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு நல்ல ஹெட்ஃபோனும் போதும்.

எதிலிருந்து ஆரம்பிப்பது?

'ரிதோ இ ஹெயோக்ரஃபியா தெல் காந்தே'. ஸ்பெயின் அரசுத் தொலைக்காட்சியான டிவிஇ 1971 அக்டோபரிலிருந்து 1973 அக்டோபர் வரை ஒளிபரப்பிய தொடர். சுமார் 100 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம். இனிமேல் சுருக்கமாக ரிதோ என்றே சொல்கிறேன். ஃபிளமெங்கோ பாட்டைப் பற்றி உலகத்தில் எங்கே எடுத்த எந்தப் படத்தை விடவும் இதுதான் பெரிய புதையல் என்பது என் உறுதியான எண்ணம், கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

யார் எடுத்தது?

இயக்கியவர் மரியோ கோமெஸ். கூட இருந்தவர்கள் பெத்ரோ துர்பிகாவும் காதிஸ் நகரத்துக் கவிஞர் ஹோசே மரியா வெலாஸ்கெஸ்-கஸ்தேலுவும். கேமராவுக்கு முன்னால் மைக்கை நீட்டிக் கேள்வி கேட்கிற இளைஞர் வெலாஸ்கெஸ்தான். அவர் கேட்கும் விதத்தைக் கவனியுங்கள், குறுக்கே பேச மாட்டார், கிழவர்கள் யோசித்து நிறுத்தி நிறுத்திச் சொல்லும்போது அந்த மௌனத்தை வெட்டாமல் அப்படியே விட்டிருப்பார்கள். இப்போதைய டிவியில் பத்து நொடி மௌனம் வந்தால் தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிடுவார்.

ஏன் வீட்டுக்குள்ளும் சாராயக் கடையிலும் எடுத்திருக்கிறார்கள்? ஸ்டுடியோ இல்லையா?

இருந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அந்தத் தொடரின் உயிரே அந்த முடிவில்தான் இருக்கிறது.

1960களில் ஸ்பெயினுக்குச் சுற்றுலாப் பயணிகள் லட்சக்கணக்கில் வர ஆரம்பித்தார்கள். சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு ஃபிளமெங்கோவை ஒரு விளம்பரப் படமாக ஆக்கியிருந்தது: புள்ளி போட்ட பாவாடை, விசிறி, சிரித்த முகம், மேடை வெளிச்சம். டிவியிலும் அதுதான் ஓடியது. ரிதோ குழுவினர் இதற்கு நேர் எதிராக 16 மி.மீ. ஃபிலிம் கேமராவை எடுத்துக்கொண்டு ஹெரெஸ், உத்ரேரா, லெப்ரிஹா, மொரோன், காதிஸ் என்று ஊர் ஊராகப் போனார்கள். பாடகர் எந்த நாற்காலியில் வழக்கமாக உட்காருவாரோ அதில் உட்கார வைத்து, பக்கத்தில் யார் வழக்கமாக இருப்பார்களோ அவர்களையே வைத்து எடுத்தார்கள். பின்னால் சுவரில் குடும்பப் படம் தொங்கும், மேஜையில் மது பாட்டில் இருக்கும், பேரப்பிள்ளை குறுக்கே ஓடும்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அந்தப் பாட்டுகளைப் பிறப்பித்தது தெற்கு ஸ்பெயினின் ஏழைகள், அதிலும் குறிப்பாக ஹிதானோ எனப்படும் ரோமா மக்கள். பட்டறைக் கொல்லர்களும் வயல் கூலிகளும். அவர்களுடைய வீடு, அவர்களுடைய கை, அவர்களுடைய பேச்சு 1971-ல் அரசு டிவியில் அப்படியே தெரிந்தது சின்ன விஷயம் இல்லை, பிராங்கோ 1975 நவம்பர் வரை உயிரோடிருந்தார். தொடர் ஓடியது இரண்டாவது சேனலில், அதைப் பார்த்தவர்கள் முதல் சேனலை விடக் குறைவு.

1956-லேயே ஸ்பெயினில் டிவி வந்துவிட்டதே, அதற்கும் 1971-க்கும் நடுவில் என்ன ஆனது?

டிவிஇ மாத்ரிதிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியது 1956 அக்டோபர் 28. ஆரம்ப வருடங்களில் பெரும்பாலும் நேரலைதான், போனது போனதுதான். அப்புறம் வீடியோ டேப் வந்தது, ஆனால் டேப் விலை அதிகம் என்பதால் உலகம் முழுக்க டிவி நிலையங்கள் அதையே அழித்து அழித்து மறுபடி பதிவு செய்தன. அதனால்தான் அந்தக் காலத்து டிவி ஃபிளமெங்கோ துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. ரிதோவை ஃபிலிமில் எடுத்தது இங்கே பெரிய உதவி. ஃபிலிமை அழித்து மறுபடி படம் எடுக்க முடியாது, பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அது பாட்டுக்கு இருக்கும்.

டிவிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றிக் கேட்டால் மனசு கனக்கும். அந்தோனியோ சாகோன் 1929-ல் போய்விட்டார், மனுவேல் தோர்ரே 1933-ல், கிட்டாரைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிமிர்த்திய ரமோன் மொந்தோயா 1949-ல். இவர்கள் பாடியதும் வாசித்ததும் இசைத்தட்டில் இருக்கிறது, பாடும்போது முகம் எப்படி இருந்தது என்று நமக்குக் காட்ட எந்த டிவியும் இல்லை. ஆனால் அவர்களை நேரில் கேட்டவர்கள் ரிதோவில் வருகிறார்கள். 1887-ல் செவில்லே நகரின் த்ரியானா பகுதியில் பிறந்த பெபே எல் தே லா மத்ரோனா அப்படி ஒருவர். எண்பதைத் தாண்டிய அந்த மனிதர் கோட்டு போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து பாடுவதைப் பார்க்கும்போது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்த ஒரு தொண்டையை நாம் கண்ணால் பார்க்கிறோம்.

பாட்டு கத்துவது போல இருக்கிறது. எனக்குப் பிடிக்கவே இல்லை. என்னிடம் ஏதாவது குறையா?

இல்லை. பலருக்கும் முதலில் கிட்டார்தான் பிடிக்கும், பாட்டு பிறகுதான் உள்ளே வரும். காந்தே எனப்படும் இந்தப் பாட்டு குரல் அழகைக் காட்டுவதற்கான பாட்டு இல்லை, கரகரப்பும் உடைசலும் அதன் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஒரு வழி சொல்கிறேன். ரிதோவில் பாடகி ஃபெர்னாண்டா தே உத்ரேரா வரும் அத்தியாயத்தில், பக்கத்தில் தியேகோ தெல் கஸ்தோர் கிட்டார் வாசிக்க, ஃபெர்னாண்டா சொலெயா என்ற வகைப் பாட்டைப் பாடும் இடத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவை ஃபெர்னாண்டாவை மட்டும் பாருங்கள். குரல் மேலே போகப் போக உடைகிறது, உடைந்த இடத்திலேயே நின்று இன்னும் ஒரு படி ஏறுகிறார், கை தன்னாலேயே விரிகிறது. இரண்டாவது தடவை தியேகோவை மட்டும் பாருங்கள். அவர் தன் விரலைப் பார்ப்பதே இல்லை, அவருடைய கண் ஃபெர்னாண்டாவின் வாயில் இருக்கிறது. எப்போது மூச்சு எடுப்பார், வரியை எங்கே முடிப்பார், முடிக்காமல் இழுப்பாரா என்று காத்திருந்து, ஒரே ஒரு சுரத்தைத் தட்டி இடம் கொடுக்கிறார். இதைப் பார்த்த பிறகு, கத்தல் என்று தோன்றியது ஒரு உரையாடலாகக் கேட்க ஆரம்பிக்கும். இசைத்தட்டில் இந்தப் பார்வை கிடைக்காது. டிவி நமக்குச் செய்து கொடுத்த பெரிய உபகாரம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஃபெர்னாண்டா 2006-லும் அவர் தங்கை பெர்னார்தா 2009-லும் இறந்தார்கள். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகள் நிறைய உண்டு, தங்கை புலெரியாவில் கெட்டிக்காரர், அக்கா சொலெயாவில்.

சொலெயா, புலெரியா என்கிறீர்களே, இவை ராகமா தாளமா?

இரண்டும் கலந்தது. ஒவ்வொரு பாட்டு வகைக்கும் ஒரு தாளச் சுற்று, ஒரு சுரப் போக்கு, ஒரு மனநிலை, பழகிப்போன மெட்டுகள் எல்லாம் சேர்ந்து வரும். தாளச் சுற்றுக்குக் கொம்பாஸ் என்று பெயர். சொலெயாவுக்கு 12 அடி. 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம். புலெரியாவும் 12 அடிதான், ஆனால் ஓட்டம் வேகம், வீட்டு விசேஷத்தில் எல்லோரும் கை தட்டி ஆளுக்கு ஒரு வரி பாடி ஆடுவது பெரும்பாலும் இதில்தான். செகிரியாவும் 12 அடியை வேறு மாதிரி உடைப்பது: 2, 2, 3, 3, 2. சாவு, சிறை, தாயின் பிரிவு எல்லாம் பாட இதுதான். தாங்கோஸ் 4 அடி, சுலபம். தரந்தா, மலகேஞ்ஞா, கிரனாயினா போன்றவற்றில் நிலையான தாளமே இருக்காது, நம்மூர் விருத்தத்தைப் போல பாடகர் இழுக்கும் இழுப்புக்குக் கிட்டார் காத்திருக்கும். கொல்லர் பட்டறையிலிருந்து வந்த மர்த்தினேதேவில் கிட்டாரே கிடையாது.

வீடியோ பார்க்கும்போது பின்னால் கை தட்டுகிறவர்களின் கையைப் பார்த்து எண்ணுங்கள். அவர்கள் ஒருபோதும் தவற மாட்டார்கள்.

தியேகோ தெல் கஸ்தோரைப் பற்றி இவ்வளவு பேசுகிறார்களே, பாகோ தே லூசியாவை விடவா?

ஒப்பிடுவதற்கே இடமில்லை, இருவரும் வேறு வேறு திசை. தியேகோ 1908-ல் பிறந்து மொரோன் தே லா ஃப்ரோன்தேரா என்ற ஊரிலேயே வாழ்ந்து 1973 ஜூலையில் இறந்தவர். கச்சேரிச் சுற்றுப்பயணம் போகவில்லை, தனி ஆல்பம் போடவில்லை, ஊரிலேயே நண்பர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் வாசித்தார். 1960களில் அமெரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் மொரோனுக்கு வந்து தங்கி அவரிடம் கற்றுக்கொண்டார்கள், டேப்பில் பதிவும் செய்தார்கள். ஆனால் அவரைப் படமாக எடுத்து வைத்தது என்றால் முதலில் ரிதோவைத்தான் சொல்ல வேண்டும். அவர் இறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்னால்தான் கேமரா போய்ச் சேர்ந்தது. இன்னும் இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால் நமக்கு அந்த உருவமே கிடைத்திருக்காது.

வேகம் எதிர்பார்த்துப் போகாதீர்கள். கட்டைவிரல் கனமாக விழும், சொற்ப சுரங்கள், நடுநடுவே அவர் சும்மா இருப்பார், அந்தச் சும்மாவில்தான் தாளம் இறுகும். அவருடைய மைத்துனர் ஹோசெலேரோ பாடுவதையும் சேர்த்துப் பாருங்கள், ஒரே குடும்பத்து ஆட்கள் ஒரே மூச்சில் வாசிப்பது தெரியும்.

குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, யார் யாருக்குச் சொந்தம் என்று புரியவில்லை.

ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது தானாக வரும். லெப்ரிஹா ஊரின் மரியா லா பெர்ராத்தா ஒரு பாடகி. அவருடைய அண்ணன் தம்பி வரிசையில் ஒருவர் பெர்ராத்தே தே உத்ரேரா, அவரும் பாடகர். மரியாவின் ஒரு மகன் எல் லெப்ரிஹானோ என்று புகழ் பெற்ற ஹுவான் பெஞ்ஞா, இன்னொரு மகன் கிட்டார்க்காரர் பெத்ரோ பெஞ்ஞா. பெத்ரோவின் மகன் தோராந்தெஸ் இன்று பியானோவில் ஃபிளமெங்கோ வாசிப்பவர். அம்மா பாட மகன் வாசிக்கும் ஒரு காட்சியைப் பார்த்தால், இசைப் பள்ளிக்கூடம் இல்லாமல் இந்தக் கலை எப்படிக் கை மாறியது என்பது புரிந்துவிடும்.

பெண் பாடகிகளில் யாரைத் தவறவிடக் கூடாது?

ஃபெர்னாண்டாவைச் சொல்லிவிட்டேன். அடுத்து தியா அனிகா லா பிரிஞ்ஞாகா, ஹெரெஸ் ஊர், 1899-ல் பிறந்தவர். கணவர் இருந்தவரை வெளியில் பாட விடவில்லை. அவர் இறந்த பிறகு, வயதான காலத்தில்தான் ஊருக்கு முன்னால் பாட வந்தார். ரிதோ எடுக்கும்போது எழுபதைக் கடந்துவிட்டார். நன்றாகப் பாடும்போது தன் வாயில் ரத்தத்தின் சுவை வருகிறது என்று அவர் சொன்னதாக ஒரு வாக்கு ஃபிளமெங்கோ உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அவர் செகிரியா பாடுவதைப் பார்த்தால் அது மிகைப்பேச்சாகத் தோன்றாது. கறுப்பு உடை, முடிந்த கொண்டை, அசையாத உடம்பு, அப்புறம் அந்தக் குரல். எத்தனை அனிகாக்கள் வீட்டுக்குள்ளேயே பாடி வீட்டுக்குள்ளேயே முடிந்திருப்பார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும்.

காதிஸின் லா பெர்லாவையும் தேடிப் பாருங்கள், கடற்கரை ஊருக்கே உரிய துள்ளல் அவரிடம் இருக்கும்.

கமரோனும் பாகோவும் சேர்ந்து வரும் காட்சிகள் எந்தக் காலத்தவை?

இருவரும் 1969 முதல் 1977 வரை ஒன்பது ஆல்பங்கள் சேர்ந்து செய்தார்கள், ஒன்றாக வரும் பழைய டிவி காட்சிகளில் பெரும்பாலானவை அந்தக் காலத்தவை. கமரோன் தே லா இஸ்லாவின் இயற்பெயர் ஹோசே மோன்ஹே கிரூஸ், 1950 டிசம்பரில் காதிஸுக்குப் பக்கத்து சான் ஃபெர்னாண்டோவில் ஒரு கொல்லர் வீட்டில் பிறந்தவர். ரிதோவில் அவருக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு, அதில் அவருடைய அம்மா ஹுவானாவையும் பார்க்கலாம். மகனின் குரல் எங்கிருந்து வந்தது என்று அந்த அம்மாவைப் பார்த்தால் விளங்கும். பாகோவுக்கும் தனி அத்தியாயம் இருக்கிறது.

கமரோனின் டிவி காட்சிகளை வரிசையாகப் பார்ப்பது சந்தோஷமும் வேதனையும் கலந்த அனுபவம். 1970களின் தொடக்கத்தில் வெட்கப்படும் ஒல்லிப் பையன், கண்ணை மூடிக்கொண்டு, குரல் கண்ணாடி மாதிரி. 1979-ல் 'லா லெயெந்தா தெல் தியெம்போ' ஆல்பம் வந்த காலத்தில் நீண்ட தலைமுடி, தாடி, பக்கத்தில் கிட்டாரோடு இளைஞர் தொமாத்திதோ. 1991-ல் சுவிட்சர்லாந்தின் மொந்த்ரோ விழாவில் எடுத்த படத்தில் உடம்பு தளர்ந்துவிட்டது, குரலில் மணல் ஏறிவிட்டது, ஆனால் வரியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்ற அறிவு முன்பை விடக் கூர்மை. அடுத்த வருடம், 1992 ஜூலை 2, நாற்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

பாகோவின் 'என்ட்ரே தோஸ் அகுவாஸ்' டிவி காட்சி ஏன் இவ்வளவு பிரபலம்?

அது ரும்பா, 4 அடித் தாளம், எந்த ஊர்க் காதுக்கும் உடனே பிடிபடும். 1973-ல் வந்த ஆல்பத்தில் இருந்தது, சிங்கிளாக வந்தபோது ஸ்பெயின் முழுக்க ஒலித்தது. 1976-ல் டிவிஇ-யில் வந்த காட்சியில் அண்ணன் ரமோன் பக்கத்தில் இரண்டாவது கிட்டார் வாசிக்க, கூடவே பாங்கோவும் பேஸ் கிட்டாரும் உண்டு. ஃபிளமெங்கோவில் அந்த இரண்டும் அப்போது புதுசு.

பாகோ உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். பழைய ஆட்கள் கிட்டாரை வலது தொடையில் வைத்துக் கழுத்தை மேல் நோக்கி நிமிர்த்திப் பிடிப்பார்கள். பாகோ கால் மேல் கால் போட்டு அதன் மேல் கிட்டாரைக் கிடையாக வைத்தார். இன்று உலகத்தில் ஃபிளமெங்கோ வாசிக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் உட்காருவது இந்த மாதிரிதான்.

அதே காலத்தில் ஹெசூஸ் கின்தேரோ எடுத்த டிவி பேட்டி ஒன்றும் இருக்கிறது. இடது கை முக்கியமா வலது கை முக்கியமா என்று கேட்டபோது, இடது கைதான் சிந்திக்கிறது, படைக்கிறது, வலது கை நிறைவேற்றுகிறது என்று பாகோ சொன்னார். கிட்டாரைப் பற்றிய பதில்தான், ஆனால் பிராங்கோ இறந்த உடனடிக் காலம் அது, இடது வலது என்ற சொற்களுக்கு வேறு அர்த்தம் இருந்தது. அதன் பிறகு மாத்ரித் தெருவில் தீவிர வலதுசாரிகள் அவரைத் தாக்கினார்கள், கையைக் குறிவைத்து. ஒரு டிவி பேட்டிக்கு ஒரு கிட்டார்க்காரர் கொடுத்த விலை.

பாகோவோடு வாசிக்கும் ஜான் மெக்லாஃப்லின் நம் சக்தி குழு மெக்லாஃப்லினா?

அவரேதான். எல். சங்கர், ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோரோடு சக்தியில் வாசித்தவர். அந்தக் குழுவின் முதல் கட்டம் முடிந்த சூட்டோடு பாகோவோடும் லாரி கோர்யலோடும் சேர்ந்து கிட்டார் மூவராகக் கிளம்பினார். 1979 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் எடுத்த அந்தக் கச்சேரிப் படம் கிடைக்கிறது. பிறகு கோர்யலின் இடத்தில் அல் டி மியோலா வந்தார். சக்தி கேட்டுப் பழகியவர்களுக்கு மெக்லாஃப்லினின் தாளக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரியும், அதற்குப் பாகோ கொம்பாஸிலிருந்து பதில் சொல்வதைக் கேட்பது தனி சுகம்.

மேடை, ஸ்டுடியோ நிகழ்ச்சிகளில் உண்மையாகப் பாடுகிறார்களா, வாயசைப்பா?

இரண்டும் உண்டு. பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் இசைத்தட்டை ஓட விட்டு வாயசைப்பது அன்று சாதாரணம். மைக் கண்ணில் படாது, படத்தில் இல்லாத வயலின்கள் காதில் விழும், கிட்டார்க்காரரின் இடது கை ஒரு நொடி முந்தியோ பிந்தியோ போகும். ரிதோவில் இந்தச் சந்தேகமே எழாது. நாற்காலி கிறீச்சிடுவது, யாரோ இருமுவது, தெருவில் வண்டி போவது எல்லாம் பதிவாகியிருக்கும்.

வீடியோவில் போட்டிருக்கும் ஆண்டை நம்பலாமா?

நம்ப வேண்டாம், தலைப்பில் தவறு நிறைய. நீங்களே ஓரளவுக்குக் கணிக்கலாம். முதல் அடையாளம் கஹோன் என்ற மரப்பெட்டித் தாள வாத்தியம். அது பெரு நாட்டுக் கறுப்பின மக்களின் வாத்தியம், பாகோ 1970களின் இறுதியில் பெருவுக்குப் போனபோது பார்த்து ஃபிளமெங்கோவுக்குக் கொண்டுவந்தார். ஆக, படத்தில் கஹோன் இருந்தால் அது அதற்குப் பிந்தியதுதான், "1965" என்று தலைப்பு என்ன சொன்னாலும் சரி. அடுத்தது கிட்டாரின் தலைப்பகுதி: பழைய ஃபிளமெங்கோ கிட்டார்களில் வயலினில் இருப்பது போல மரமுளைகள்தான் இருக்கும், உலோகத் திருகிகள் பிறகுதான் பரவலாயின. இது உறுதியான சாட்சி இல்லை, துணைச் சாட்சி. அப்புறம் யார் உயிரோடு இருந்தார் என்ற எளிய கணக்கு. பாடகர் மனோலோ கரகோல் படத்தில் இருந்தால் அது 1973 பிப்ரவரிக்கு முந்தியது, அந்த மாதம் கார் விபத்தில் அவர் இறந்தார்.

கரகோலைப் பற்றி ஒரு வார்த்தை. 1922-ல் கிரனாதாவில் இசையமைப்பாளர் மனுவேல் தே ஃபாயாவும் கவிஞர் லோர்காவும் முன்நின்று நடத்திய காந்தே ஹோந்தோ, அதாவது ஆழ்ந்த பாட்டு, போட்டியில் பரிசு வாங்கிய சிறுவன் அவர். ரிதோ காலத்தில் பருத்து முதிர்ந்த மனிதர், குரல் கிழிந்த துணி மாதிரி, ஆனால் ஒரு வரியைத் தொடங்கும் விதத்திலேயே அறை அடங்கிவிடும்.

ரிதோ எல்லோரையும் சமமாக நடத்தியதா?

இல்லை, அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. அன்றைக்குப் பெரும் செல்வாக்கோடு இருந்தது பாடகர் அந்தோனியோ மைரேனாவின் பார்வை. 1962-ல் கோர்தோபாவில் 'பாட்டின் தங்கச் சாவி' என்ற விருதைப் பெற்றவர், 1963-ல் கவிஞர் ரிகார்தோ மொலினாவுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா மாநிலத்தில், அதன் கீழ்ப் பகுதியின் ஹிதானோ குடும்பங்களை இந்தக் கலையின் மையத்தில் வைத்தார். ரிதோவும் பெருமளவு அந்தப் பாதையில் நடந்தது. அதற்கு முன் இருபது முப்பது வருடம் காளைச்சண்டை அரங்குகளை நிரப்பிய, இனிய குரல் கொண்ட பெபே மர்ச்சேனா, ஹுவானிதோ பல்தெர்ராமா போன்றவர்களுக்கு அந்தப் பார்வையில் மரியாதை குறைவு. அவர்களை வேறு நிகழ்ச்சிகளிலும் பழைய சினிமாவிலும் தனியாகத் தேடிக் கேளுங்கள், மர்ச்சேனாவின் குரல் நெளிவை ஒதுக்கிவிட்டு இந்தக் கலையைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனாலும் ரிதோ குறுகியது இல்லை. இளைஞராக இருந்த என்ரிகே மொரெந்தே, ஹோசே மெனேசே இருவரும் அதில் உண்டு. மெனேசேக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தவர் அதே ஊர் ஓவியர் பிரான்சிஸ்கோ மொரேனோ கல்வான், அந்த வரிகளில் சர்வாதிகாரத்துக்கு எதிரான கோபம் இருந்தது.

ரிதோ முடிந்த பிறகு?

டிவிஇ-யில் எழுத்தாளர் ஃபெர்னாண்டோ கிஞோனெஸ் வழங்கிய நிகழ்ச்சி வந்தது, 1980களில் கமரோனின் தயாரிப்பாளர் ரிகார்தோ பாசோன் எடுத்த 'எல் ஆங்ஹெல்' தொடர் வந்தது. பாசோனின் தொடரில் வண்ணமும் நெருக்கமும் நன்றாக இருக்கும். 1989 பிப்ரவரியில் அந்தலூசியாவுக்கென்று கனால் சூர் என்ற டிவி நிலையம் தொடங்கியது, அவர்களிடம் ஃபிளமெங்கோ நிறைய சேர்ந்திருக்கிறது. நடனம் வேண்டும் என்பவர்களுக்கு ரிதோவுக்குப் பின்னால் வந்த 'ரிதோ இ ஹெயோக்ரஃபியா தெல் பைலே' இருக்கிறது.

எங்கே பார்ப்பது?

ரிதோவை ஸ்பெயின் அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்டிவிஇ தன் இணையதளத்தின் பழைய நிகழ்ச்சிகள் பகுதியில் போட்டு வைத்திருக்கிறது. படத் தெளிவு அங்கேதான் நன்றாக இருக்கும், தலைப்பும் சரியாக இருக்கும், அதனால் யூடியூபில் வெட்டி ஒட்டியதைப் பார்ப்பதற்கு முன் அங்கே தேடுங்கள். ஸ்பானிய எழுத்தில் பாடகர் பெயரையும் தொடரின் பெயரையும் சேர்த்துப் போட்டால் போதும். டிவிடியாகவும் வந்திருக்கிறது. ஸ்பெயினுக்குப் போகிறவர்கள் ஹெரெஸ் ஊரில் அந்தலூசிய ஃபிளமெங்கோ ஆவண மையம் இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பெமர்தீன் மாளிகையில்.

பாட்டு வரிகள் புரியாமல் எப்படி?

வரிகள் சின்னவை, மூன்றோ நான்கோ அடிதான், நாட்டுப்புறப் பாட்டுப் போல. தாய், சாவு, சிறை, பணம் இல்லாமை, துரோகம், கடவுள், காதல். உச்சரிப்பு அந்தலூசியப் பேச்சு, சொல் முடிவில் வரும் எழுத்துகளை விழுங்கிவிடுவார்கள், மாத்ரித்காரர்களுக்கே சில வரிகள் பிடிபடாது. முதல் வரியைக் காதில் பட்டபடி தேடிப் பார்த்தால் பெரும்பாலும் முழுப் பாட்டும் கிடைத்துவிடும், ஏனென்றால் ஒரே வரியை நூறு பேர் பாடியிருப்பார்கள்.

நான் கிட்டார் கற்கிறேன். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

நிறைய, ஆனால் வேக விரலோட்டத்தைத் தேடாதீர்கள், அதற்கு இப்போதைய பாட வீடியோக்கள் போதும். பாட்டுக்கு எப்படி வாசிப்பது என்பதை இங்கேதான் பார்க்க முடியும். பாடகர் தொண்டையைச் சரிசெய்து மெல்ல முனகும்போதே கிட்டார்க்காரர் தன் கிட்டாரின் கழுத்தில் மாட்டியிருக்கும் கவ்வியை நகர்த்திச் சுருதி மாற்றுவார், அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கிட்டார்க்காரர் மெல்ச்சோர் தே மர்ச்சேனா செகிரியாவில் எவ்வளவு குறைவாக வாசிக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள், பாடகர் வரியை முடித்த பிறகுதான் ஃபல்செதா எனப்படும் ஒரு சின்னத் தனிக் கிட்டார் துண்டு, அதுவும் பாடகர் அடுத்த மூச்சு எடுத்ததும் பாதியில் நின்றுவிடும். ஹெரெஸ் ஆட்களின் புலெரியாவைக் கேட்க பார்ரிலா தே ஹெரெஸ் வாசிக்கும் இடங்களைத் தேடுங்கள், அங்கே வலது கை மணிக்கட்டை மட்டும் பாருங்கள், கிட்டாரின் பலகையில் விரல் தட்டுவது எந்த அடியில் விழுகிறது என்று கேளுங்கள். பிறகு ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் ஓட விட்டு, பாடகரின் வாயையும் தோளையும் பார்த்தே அவர் எங்கே முடிப்பார் என்று கையால் தட்டிப் பழகுங்கள். தியேகோ செய்தது அதைத்தான், ஃபெர்னாண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து.